பத்து ஆஸ்பத்திரிய ஒரே கேள்விக்குப் பின்னாடி நிக்க வைக்கிறது எப்படி

நான் கிளினிக்கல் டிரையல் கோஆர்டினேட்டர், அதாவது மருந்து வேல செய்யுதான்னு நோயாளிங்கள வச்சுப் பாக்கற ஆராய்ச்சிய ஒருங்கிணைக்கற ஆள். டாக்டர் "இவங்கள ஸ்டடில சேத்துடும்மா"ன்னு சொல்லிட்டு ஓபிக்கு ஓடிடுவார், அதுக்கப்புறம் அந்த பேஷன்ட் பக்கத்துல உக்காந்து கன்சென்ட் பேப்பர படிச்சுக் காட்டறது, ரத்தம் எடுத்த நேரத்த குறிக்கறது, மூணு மாசம் கழிச்சு போன் போட்டு "ஃபாலோ அப்புக்கு வரணும்ல"ன்னு ஞாபகப்படுத்தறது, இதெல்லாம் என் பொழப்பு. அதனாலயோ என்னவோ மாசத்துக்கு ரெண்டு மூணு பேராவது கேட்டுடறாங்க, "எங்க பையனுக்கு இந்த அரிய நோய், எங்க குரூப்ல 60 குடும்பம் இருக்கோம், நாங்களே ரிசர்ச்ச தள்ளிவிடணும்னு பாக்கறோம், எங்கருந்து ஆரம்பிக்கறது?"ன்னு. பிஜி முடிச்சுட்டு வர்ற இளம் டாக்டருங்களும் இதே கேள்விய வேற மாதிரி கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி தொண்ட போச்சு, அதான் ஒரே தடவையா எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு. குரூப் வேற, நெட்வொர்க் வேற. வாட்ஸ்அப்ல 240 பேர் இருக்கலாம், காலைல குட்மார்னிங் படமும் மதியானம் பப்பாளி இல ஜூசும் ஓடிட்டே இருக்கும், ஆறுதலுக்கு அது வேணும்தான், நான் குறை சொல்லல, ஆனா அதுலருந்து ஒரு மாத்திரை கூட வெளிய வராது. ஆராய்ச்சி நெட்வொர்க்னா எல்லாரும் ஒரே கேள்விய கேக்கணும், ஒரே விஷயத்த ஒரே மாதிரி அளக்கணும், அளந்தத ஒரே இடத்துல கொட்டணும். இந்த மூணும் இல்லாம லோகோ, லெட்டர்ஹெட், துவக்க விழா, குத்துவிளக்குன்னு போனவங்கள நிறைய பாத்துட்டேன்.

சரி, எங்க ஆரம்பிக்கறது.

எண்ணுங்க. உங்க நோய் எத்தன பேருக்கு இருக்கு, எந்த ஊர்ல, யாரு டாக்டர், என்னிக்கு கண்டுபிடிச்சாங்க, ஜீன் டெஸ்ட் எடுத்தாச்சா இல்லையா. ஒரு எக்செல் ஷீட் போதும். போன் நம்பர் எல்லாத்தையும் அதே ஷீட்ல போட்டு குரூப்ல ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க, பேர் ஒரு ஃபைல்ல, மத்த விவரம் இன்னொரு ஃபைல்ல, ரெண்டையும் இணைக்க ஒரு நம்பர், அந்த நம்பர் லிஸ்ட் ஒருத்தர்கிட்ட மட்டும். இது இன்னிக்கே பண்ணக்கூடிய வேலை, பத்து பைசா செலவு இல்ல.

எண்றதுல என்ன பெருசான்னு தோணும். புரோஜீரியான்னு ஒரு நோய் இருக்கு, சின்னக் குழந்தைங்களுக்கே முதுமை வந்த மாதிரி ஆகி ரத்தக்குழாய் கெட்டிப்பட்டுப் போறது, ரெண்டு கோடி பேருக்கு ஒருத்தர்ங்கற அளவுக்கு அரிது. அமெரிக்கால லெஸ்லி கார்டன், ஸ்காட் பெர்ன்ஸ்னு ஒரு டாக்டர் தம்பதி, அவங்க பையன் சாமுக்கு இந்த நோய்னு தெரிஞ்சதும் 1999ல ஒரு ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாங்க. 2003ல ஜீன் எதுன்னு தெரிஞ்சுடுச்சு, 2007ல முதல் மருந்து டிரையல், 16 நாட்டுலருந்து 28 குழந்தைங்க பாஸ்டனுக்கு வந்து போனாங்க. அப்ப உலகம் பூரா தெரிஞ்ச குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட முக்கால்வாசி இவங்கதான்னா எவ்வளவு பெரிய பங்குன்னு பாத்துக்கோங்க. 2009ல "மிச்ச 150 பேர் எங்க?"ன்னு கேட்டு ஒரு பிரச்சாரமே நடத்தினாங்க, நாலஞ்சு வருஷத்துல எண்ணிக்க 100ஐத் தாண்டிடுச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. மருந்து வேல செய்யுதான்னு எதை வச்சுப் பாக்கறது? வருஷக்கணக்கா காத்திருந்து எத்தன குழந்த பொழைக்குதுன்னு பாக்க முடியாது. இந்தக் குழந்தைங்களுக்கு எடை ஏறவே ஏறாது, ஏறினாலும் ரொம்ப மெதுவா, அதுவும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்குன்னு ஒரு சீரான வேகத்துல. இத எப்படி கண்டுபிடிச்சாங்க? குடும்பங்கள் வீட்லயே எடை பாத்து எழுதி அனுப்பிட்டே இருந்தாங்க, டிரையல் வர்றதுக்கு முன்னாடிருந்தே. அந்த எடைக் கணக்குதான் அப்புறம் டிரையலோட முக்கிய அளவுகோலே ஆச்சு. லோனாஃபார்னிப்ங்கற அந்த மருந்து 2020 நவம்பர்ல அமெரிக்கால அனுமதி வாங்குச்சு. குணப்படுத்தற மருந்து இல்ல, ஆயுளக் கூட்டற மருந்து. கான்சருக்குன்னு உருவாக்கி ஏற்கெனவே அலமாரில இருந்ததுதான்.

அதனால மருந்து இல்ல, டிரையல் இல்ல, ஒண்ணுமில்லன்னு இருக்கற காலத்துலயும் உங்களால அளக்க முடியும். எடை, காய்ச்சல், எத்தன படி ஏற முடியுது, எத்தன நாள் ஸ்கூல் போச்சு. தேதியோட.

அடுத்தது கேள்வி. இங்கதான் பாதிப் பேர் சறுக்கறாங்க, ஏன்னா எல்லாருக்கும் முதல்ல காசு சேக்கணும்னு தோணுது. காசு சேத்துட்டு "ஆராய்ச்சி பண்றவங்க விண்ணப்பிக்கலாம்"னு அறிவிப்பு விடறது. யாருக்கு அப்ப நேரம் இருக்கோ, யார் ஏற்கெனவே எத நோண்டிட்டு இருக்காங்களோ, அதுக்கு ஒட்டின மாதிரி ஒரு புரொபோசல் வரும், அதுல நல்லதா ஒண்ண எடுத்து காசு குடுப்பீங்க. அந்த நோய்க்கு உண்மையிலயே எது தெரிஞ்சாகணுமோ அது அப்படியே கிடக்கும்.

இத தலைகீழாக்கினவர் டேவிட் ஃபய்கன்பாம். பென்சில்வேனியா யுனிவர்சிட்டில மெடிக்கல் ஸ்டூடன்ட், 2010ல மூணாவது வருஷம் படிக்கறப்போ திடீர்னு கிட்னி, லிவர் எல்லாம் படுத்துடுச்சு, காசில்மன் நோய்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள சாவு வரைக்கும் போய்ட்டு வந்துட்டார். நிணநீர் கட்டி வீங்கி உடம்போட எதிர்ப்பு சக்தி தன்னத்தானே அடிக்கற வகை. அதுக்கு இருந்த புது மருந்து, சில்டக்சிமாப், மத்த சிலருக்கு கேட்டுது, இவருக்குக் கேக்கல. 2012ல ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சார். காசு கேக்கறதுக்கு முன்னாடி உலகத்துல இந்த நோயப் பாக்கற டாக்டருங்க, ஆராய்ச்சிக்காரங்க, நோயாளிங்க எல்லார்கிட்டயும் "இந்த நோயப் பத்தி எது தெரிஞ்சா நல்லாருக்கும்?"னு கேட்டு வாங்கி, அத வரிசப்படுத்தி, முதல் கேள்விக்கு யாரு சரியான ஆளுன்னு தேடிப் போய் புடிச்சாங்க. அவர் அதுக்கு முன்னாடி காசில்மன பாத்திருக்கணும்னு கூட இல்ல. கேள்வி முதல்ல, ஆள் அப்புறம், காசு கடைசி.

அவங்க முதல்ல பண்ணதுல பாதி வேல லேப்ல நடக்கல, பேப்பர்லதான் நடந்துச்சு. ஒரே நோய்க்கு ஆளுக்கொரு பேர் சொல்லிட்டு இருந்தாங்க, அதனால ரெக்கார்ட்ல தேடினா நோயாளியே கிடைக்க மாட்டாங்க. நோய் பட்டியல்ல தனி கோட் நம்பர் வாங்கினாங்க, அமெரிக்கால 2016ல. அதே வருஷம் ரெஜிஸ்ட்ரி, அதாவது நோயாளிங்க விவரத்த ஒரே இடத்துல சேக்கற பதிவேடு, ஆரம்பிச்சாங்க. 2017ல, எது இருந்தா இந்த நோய்னு சொல்லலாம்ங்கற வரையறை, 2018ல என்ன சிகிச்சை குடுக்கறதுன்னு வழிகாட்டி. ஒரு நோய்க்கு வரையறையே இல்லாம டிரையல் நடத்தறது, ஜல்லடைல தண்ணி மொள்ற மாதிரி.

அவர் சொந்தக் கத இன்னும் விசேஷம். நோய் திரும்பத் திரும்ப வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் எடுத்த ரத்த சாம்பிள எடுத்து வச்சு தானே ஆராய்ஞ்சு பாத்தார். உடம்பு படுத்தறதுக்கு வாரக்கணக்குல முன்னாடியே எதிர்ப்பு சக்தியோட டி செல்லுங்க முறுக்கேறறதும், விஈஜிஎஃப்ங்கற புரதம் ஏறறதும் தெரிஞ்சுது. இது ரெண்டும் சேந்து செல்லுக்குள்ள சிக்னல் போற எம்டார்ங்கற ஒரு பாதையக் காட்டுச்சு. அந்தப் பாதைய அடைக்கற மருந்து, சிரோலிமஸ், கிட்னி மாத்தினவங்களுக்கு 1999லருந்தே குடுத்துட்டு இருக்காங்க, சாதாரண மெடிக்கல் ஷாப் சரக்கு. 2014 ஆரம்பத்துல போட ஆரம்பிச்சார், அதுக்கப்புறம் நோய் திரும்பல. மத்த நோயாளிங்கள்ல சிலருக்குக் கேட்டுச்சு, சிலருக்குக் கேக்கல, அதையும் சொல்லிடணும். 2022ல, இருக்கற மருந்தெல்லாத்தையும் இருக்கற நோயெல்லாத்தோடயும் கம்ப்யூட்டர வச்சு ஒப்பிட்டுப் பாக்கறதுக்குன்னே இன்னொரு அமைப்பும் ஆரம்பிச்சுட்டார்.

நீங்க இதுலருந்து எடுத்துக்க வேண்டியது: உங்க குரூப்ல ஒரு வாரம் ஒதுக்குங்க. ஒவ்வொரு குடும்பமும் மூணு கேள்வி அனுப்பணும். "மருந்து எப்ப வரும்?"ங்கறது கேள்வி இல்ல, அது பெருமூச்சு. "மழைக்காலத்துல ஏன் அதிகமாகுது?", "ஸ்டீராய்ட நிறுத்தினா எத்தனாவது நாள் திரும்புது?", "அண்ணனுக்கு இருக்கு, தங்கச்சிக்கு ஏன் இல்ல?", இதெல்லாம் கேள்வி. டாக்டருங்களுக்கு தோணவே தோணாத கேள்வி அம்மாக்கள்கிட்டருந்து வரும், எனக்கு அனுபவம். வந்தத ஒரே மாதிரி இருக்கறத சேத்து ஒரு 20க்கு கொண்டு வாங்க, உங்க நோயப் பாக்கற மூணு டாக்டர்கிட்ட குடுத்து எது இப்ப இருக்கற வசதில பதில் சொல்லக்கூடியதுன்னு குறிக்கச் சொல்லுங்க. ஒண்ண எடுங்க. ரெண்டு கூட வேணாம், ஒண்ணு.

இப்ப ஃபார்ம். இத பத்திப் பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன், மன்னிச்சுக்கோங்க.

நான் வேல பாத்த ஒரு ஸ்டடில அஞ்சு சென்டர். விட்டு விட்டுக் காய்ச்சல் வர்ற ஒரு அரிய நோய். உடம்புல அழற்சி எவ்வளவு இருக்குன்னு காட்ற சிஆர்பி டெஸ்ட எல்லா சென்டரும் எடுக்கணும். ஆறு மாசம் கழிச்சு டேட்டாவ ஒண்ணா சேத்துப் பாத்தா ஒரு சென்டரோட பேஷன்டுங்க எல்லாம் ஏதோ சொஸ்தமா இருக்காங்க, மத்தவங்க எல்லாம் 80, 120ன்னு இருக்கறப்ப இவங்க மட்டும் 8, 12. அந்த சென்டர்ல குடுக்கற சிகிச்சைல என்ன ரகசியம்னு ஒரு மீட்டிங்கே போட்டாங்க, அந்த சென்டர் டாக்டரும் கொஞ்சம் நெஞ்ச நிமித்திட்டுதான் உக்காந்திருந்தார். ஒரு ரகசியமும் இல்ல. அந்த லேப் ரிப்போர்ட் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், மத்த நாலும் லிட்டருக்கு மில்லிகிராம். பத்து மடங்கு வித்தியாசம். ஃபார்ம்ல "சிஆர்பி: ____"ன்னு ஒரு கோடுதான் இருந்துச்சு, பக்கத்துல யூனிட் அச்சடிக்கல. அந்த ஒரு வரி விட்டதுக்கு நாங்க ரெண்டு பேர் 300 சொச்சம் ரிப்போர்ட்ட திரும்ப எடுத்து ஒவ்வொண்ணா பாத்து திருத்தினோம்.

தேதியும் அப்படித்தான். 04/05ன்னு எழுதினா ஏப்ரலா மேவா? ஒருத்தர் அமெரிக்கால படிச்சுட்டு வந்தவர், மாசத்த முன்னாடி போடுவார். மாசத்த எழுத்துல எழுதுங்கன்னு ஃபார்ம்லயே கட்டம் போட்ருங்க, முடிஞ்சுது.

அந்த ஸ்டடில விழுப்புரம் பக்கத்துலருந்து ஒரு அம்மா பொண்ணக் கூட்டிட்டு வருவாங்க. நாங்க குடுத்த காய்ச்சல் டைரி, பளபளன்னு அச்சடிச்சது, அத அவங்க தொடவே இல்ல. ஒரு மஞ்சப் பை நிறைய தினசரி காலண்டர் கிழிச்ச தாள் கொண்டு வந்தாங்க. ஒவ்வொரு நாளும் ராத்திரி தாள கிழிக்கறப்போ பின்னாடி பென்சில்ல காய்ச்சல் எவ்வளவு, எத்தன மணிக்கு, மாத்திரை போட்டுச்சா, சாப்டுச்சா. தேதில குழப்பமே வராது, முன்னாடிதான் பெருசா அச்சடிச்சிருக்கே, தமிழ் மாசம், நல்ல நேரம், ராகு காலம் உட்பட. ஒரு நாள் கூட விட்டுப் போகல, விட்டா தாள் கிழியாம சுவத்துல தொங்கும், வீட்ல எல்லாருக்கும் தெரியும். எங்க அஞ்சு சென்டர் டைரி எல்லாத்தையும் விட அந்த மஞ்சப் பை சுத்தமான டேட்டா. அதுக்கப்புறம் நான் எந்த ஃபார்ம் டிசைன்ல உக்காந்தாலும் முதல்ல கேக்கறது, இத எழுதறவங்க அந்த நேரத்துல எங்க நிப்பாங்க, கைல என்ன இருக்கும்னு.

ஃபார்ம் சின்னதா இருக்கணும், இதுக்கு சண்ட போடுங்க. ஒவ்வொரு டாக்டரும் "இதையும் சேத்துக்கலாமே, பின்னாடி உதவும்"னு ஒரு வரி சேப்பார், பத்து டாக்டர் சேந்தா 40 பக்கம் ஆயிடும், 40 பக்க ஃபார்ம வார்டுல யாரும் நிரப்ப மாட்டாங்க, நிரப்பினாலும் சாயந்திரம் டீ குடிச்சுட்டே ஞாபகத்துலருந்து நிரப்புவாங்க. கோவிட் நேரத்துல பிரிட்டன்ல ரெக்கவரின்னு ஒரு டிரையல் நடந்துச்சு, ஆக்ஸ்ஃபோர்டுல பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே ரெண்டு பேரும் நடத்தினது. 2020 மார்ச் 10 வாக்குல திட்டம் எழுதினாங்க, மார்ச் 19 முதல் நோயாளி சேந்தாச்சு. ஒன்பது நாள்! ஆராய்ச்சி நோயாளிக்கு நியாயமா இருக்கான்னு பாத்து அனுமதி குடுக்கற எத்திக்ஸ் கமிட்டியோட ஒரு மீட்டிங் தேதிக்கே நான் அதவிட அதிகம் காத்திருந்திருக்கேன். ஃபார்ம் குட்டி. சேக்கறப்போ ஒரு பக்கம், அப்புறம் டிஸ்சார்ஜ் ஆனா, இறந்தா, இல்ல 28 நாள் ஆனா, இதுல எது முன்னாடியோ அப்ப ஒரு பக்கம். உயிரோட இருக்காரா, வென்டிலேட்டர் போட்டாங்களா, என்ன மருந்து குடுத்தாங்க, அவ்வளவுதான். மிச்சத்த அவங்க நாட்டு ஹெல்த் ரெக்கார்டுலருந்து எடுத்துக்கிட்டாங்க.

பலன் என்ன? 170க்கும் மேல ஆஸ்பத்திரி அமைப்புங்க சேந்துச்சு. டெக்சாமெத்தசோன், நம்ம ஊர்ல எந்த மெடிக்கல் ஷாப்லயும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கற ஸ்டீராய்டு, அத 2,104 பேருக்குக் குடுத்து, குடுக்காத 4,321 பேரோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது, ஆக்ஸிஜன் மட்டும் வச்சிருந்தவங்களுக்கு அஞ்சுல ஒரு பங்கு. ஆக்ஸிஜனே தேவப்படாதவங்களுக்கு உபயோகம் இல்ல. ஜூன் 16 அறிவிச்சாங்க, அன்னிக்கே பிரிட்டன் ஆஸ்பத்திரிங்கள்ல அத குடுக்க ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. மூணு மாசத்துல கேள்விலருந்து பெட்சைடு வரைக்கும். அதே நேரத்துல உலகம் பூரா சின்னச் சின்ன டிரையலா ஹைட்ராக்சிகுளோரோகுயின்ங்கற மலேரியா மருந்து பத்தி ஒரே கேள்விய தனித்தனியா கேட்டுட்டு இருந்தாங்க, 50 பேர், 80 பேர்னு, எதுலயும் தெளிவா பதில் வரல. ஜூன் 5லயே ரெக்கவரிகாரங்க அதுல பலன் இல்லன்னு சொல்லிட்டாங்க. இல்லன்னு சீக்கிரம் தெரிஞ்சுக்கறதும் லாபம்தான், அடுத்த மருந்துக்குப் போலாம்.

சாம்பிள் பத்தி சுருக்கமா. ரத்தத்த எடுத்து வைக்கணும்னா மைனஸ் 80 ஃப்ரீசர் வேணும், ஃப்ரீசர் இருந்தா ஜெனரேட்டர் லைன்ல இருக்கான்னு பாக்கணும், ஜெனரேட்டர் லைன்ல இருந்தா டீசல் யாரு பொறுப்புன்னு கேக்கணும். எல்லா ஊரும் வாங்க வேண்டியதில்ல, ஒரு நல்ல சென்டர்ல சேத்து வைங்க, மத்தவங்க டிரை ஐஸ்ல அனுப்பட்டும். வெள்ளிக்கிழம சாம்பிள் அனுப்பாதீங்க. ஏன்னு சொல்ல வேண்டியதில்ல, ஞாயித்துக்கிழம கூரியர் குடோன்ல டிரை ஐஸ் எல்லாம் ஆவியாகி வெறும் தெர்மோகோல் பெட்டிய திங்கக்கிழம வாங்கினவங்களுக்குத் தெரியும். ஒரு சாம்பிள் ரெண்டு ட்யூபா பிரிச்சு ரெண்டு ஃப்ரீசர்ல வைங்க.

அனுமதிங்க. இந்தியால எத்திக்ஸ் கமிட்டி ஓகே இல்லாம ஒரு சொட்டு ரத்தம் ஆராய்ச்சிக்குன்னு எடுக்கக் கூடாது. டிரையல்னா சிடிஆர்ஐங்கற இந்திய டிரையல் பதிவேட்டுல பதிவு பண்ணணும், 2009 ஜூன் 15லருந்து கட்டாயம், முதல் நோயாளியச் சேக்கறதுக்கு முன்னாடியே. புது மருந்து டிரையலுக்கு 2019 விதிங்க இருக்கு, அதுல ஒரு நல்ல விஷயம், உங்க சென்டர்ல எத்திக்ஸ் கமிட்டி இல்லன்னா அதே ஊர்ல இல்ல 50 கிலோமீட்டருக்குள்ள இருக்கற வேற கமிட்டி பாக்கலாம். வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தா ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) வழியா சுகாதார அமைச்சகத்தோட ஸ்கிரீனிங் கமிட்டிக்குப் போகணும், அதுக்கு மாசக்கணக்குல நேரம் ஒதுக்குங்க. பத்து சென்டருக்கு பத்து கமிட்டி பத்து விதமா கேள்வி கேக்கும், அதனால ஒரே புரோட்டோகால் (ஸ்டடிய எப்படி நடத்தறதுங்கற திட்டம்), ஒரே தமிழ் கன்சென்ட் ஃபார்ம் எல்லாருக்கும். அந்த தமிழ் கன்சென்ட்ட தயவு செஞ்சு வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. "தாங்கள் யாதொரு காரணமும் கூறாமல் விலகிக்கொள்ளும் உரிமை படைத்தவராவீர்"னு எழுதினா அந்த விழுப்புரம் அம்மா கையெழுத்து போடுவாங்க, ஆனா புரிஞ்சு போடல. "எப்ப வேணும்னாலும் வேணாம்னு சொல்லிடலாம், ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க, வைத்தியம் எப்பவும் போல நடக்கும்." இது போதும்.

பேஷன்ட் வர முடியலன்னா ஆராய்ச்சி அவங்ககிட்ட போகணும், இதுக்கு நம்ம சென்னையே சாட்சி. 1956ல மெட்ராஸ்ல காசநோய் கீமோதெரபி சென்டர்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஐசிஎம்ஆர், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில், நாலும் சேந்து. இப்ப சேத்துப்பட்டுல இருக்கற காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். கேட்டது ஒரே கேள்வி: டிபி வந்தவர சானடோரியத்துல, அதாவது டிபிக்குன்னே இருந்த ஆஸ்பத்திரில, படுக்க வச்சு நல்ல சாப்பாடு போட்டு மாத்திரை குடுக்கறதுக்கும், நெரிசலான வீட்லயே இருக்க விட்டு மாத்திரை குடுக்கறதுக்கும் பலன்ல வித்தியாசம் இருக்கா? 193 பேர ரெண்டா பிரிச்சாங்க, ஒரு வருஷம். வேலஸ் ஃபாக்ஸ்ங்கற டாக்டர் தலைமைல. வீட்ல இருந்தவங்க மாத்திரைய உண்மையிலயே சாப்பிடறாங்களான்னு தெரிய சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மாத்திரைய எண்ணினாங்க, சிறுநீர் டெஸ்ட் பண்ணினாங்க. 1959ல ரிசல்ட் வந்துச்சு, வீட்ல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு தேறினாங்க, சாப்பாடு மோசமா இருந்தும். கூட இருந்த வீட்டாளுங்களுக்கு அதனால தொத்து கூடிடவும் இல்ல. சானடோரியம் பெட்டுக்கு வருஷக்கணக்குல காத்திருந்த ஒரு நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய பதில்! உலகம் பூரா வீட்லருந்தே டிபி வைத்தியம்னு மாறினதுக்கு அந்த மெட்ராஸ் வீடுங்க ஒரு பெரிய காரணம்.

அதனால உங்க நெட்வொர்க்ல எத்தன பெரிய ஆஸ்பத்திரி இருக்குங்கறத விட, ஃபாலோ அப்புக்கு வர முடியாதவர் வீட்டுக்கு யார் போவாங்கங்கறத முன்னாடியே முடிவு பண்ணுங்க. பஸ் சார்ஜ், ஒரு நாள் கூலி இத பட்ஜெட்ல முதல் வரியா போடுங்க. கடைசி வரியா போட்டா வெட்டிடுவாங்க.

காசு, பேர். நெட்வொர்க் உடையறது இந்த ரெண்டுலதான், சயின்ஸ்ல இல்ல. பேப்பர்ல யார் பேர் முதல்ல, யார் கடைசில, எத்தன பேஷன்ட் சேத்தா எந்த இடம், நடுவுல வேல மாறிப் போனவருக்கு என்ன, டேட்டா யாருக்குச் சொந்தம், எத்தன மாசத்துல எல்லாருக்கும் திறந்து விடறது, இது எல்லாம் முதல் நோயாளி சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு பக்கம் எழுதி எல்லாரும் கையெழுத்து. கல்யாணத்துக்கு முன்னாடி சீர் பேசற மாதிரி கூச்சமா இருக்கும், பரவால்ல. நான் பாத்த ஒரு ஸ்டடில டேட்டா எல்லாம் முடிஞ்சு ஒன்றர வருஷம் பேப்பர் வெளிய வரல, ரெண்டு சீனியர் டாக்டருக்குள்ள கடைசிப் பேர் யாருன்னு தகராறு. அந்த ஒன்றர வருஷம் எங்க பேஷன்டுங்க பழைய டோஸ்லயே ஓட்டினாங்க.

மருந்துக் கம்பெனிகூட போறதா இருந்தா விலையப் பத்தியும் அப்பவே பேசுங்க. அமெரிக்கால சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ங்கற, நுரையீரல்ல சளி கட்டற பரம்பரை நோய்க்கான ஃபவுண்டேஷன் 1998லயே டிரையல் நடத்தற ஆஸ்பத்திரிங்கள ஒரு வலையா கட்டினாங்க, கம்பெனிக்கு அவங்க சொந்தக் காசையே குடுத்து மருந்து தேட வச்சாங்க, 2012ல ஐவகாஃப்டர் வந்துச்சு, நோயோட மூலக் கோளாறையே தொட்ற முதல் மருந்து. 2014ல ராயல்டி உரிமைய, அதாவது மருந்து விக்கறதுல வர்ற பங்க, 330 கோடி டாலருக்கு வித்து அதையும் ஆராய்ச்சிலயே போட்டாங்க. எல்லாம் சரி, ஆனா மருந்து வந்தப்பவே விலை வருஷத்துக்கு மூணு லட்சம் டாலர் கிட்ட. நம்ம நாட்டு அரிய நோய்க் கொள்கைல ஒரு நோயாளிக்கு அதிகபட்சம் 50 லட்ச ரூபாய் உதவி, அதுக்கு முன்னாடி இந்த விலைய வச்சுப் பாருங்க. நோயாளிங்க காசும் ரத்தமும் போட்டு வந்த மருந்து நோயாளிக்கே எட்டாம போறதுக்கு வாய்ப்பு இருக்குன்னா, ஒப்பந்தத்துல அதுக்கு ஒரு வரி எழுதச் சொல்றது தப்பே இல்ல. அதனாலதான் எனக்கு பழைய மருந்த புதுசா உபயோகிக்கற வழி மேல ஒரு பிரியம், சிரோலிமஸ் மாதிரி, டெக்சா மாதிரி.

ஆள் விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. பெரிய டாக்டர் பேர் மேல இருக்கட்டும், ஆனா திங்கக்கிழம காலைல பத்து சென்டருக்கும் போன் போட்டு "போன வாரம் எத்தன பேர், எந்த ஃபார்ம் பாக்கி, எந்த சாம்பிள் கெளம்பல"ன்னு கேக்கறதுக்கு சம்பளத்துக்கு ஒருத்தர் வேணும். தன்னார்வலர் போதாது, அவங்களுக்கும் வீடு இருக்கு, பரீட்சை இருக்கு, நாலு மாசத்துல ஓஞ்சு போவாங்க. என் வேலைய நானே உயர்த்திப் பேசறேன்னு நெனச்சா நெனச்சுக்கோங்க.

கடைசியா, ரிசல்ட்ட திருப்பிச் சொல்றது. இத யாருமே திட்டத்துல எழுதறதில்ல. அந்தக் காய்ச்சல் ஸ்டடி முடிஞ்சு பேப்பர் வெளியாகி, கான்ஃபரன்ஸ்ல கைதட்டல் எல்லாம் வாங்கியாச்சு. ஒரு நாள் அந்த விழுப்புரம் அம்மா வழக்கமான செக்கப்புக்கு வந்தவங்க என்னப் பாத்துட்டு நின்னு கேட்டாங்க, "ஏம்மா, அந்தத் தாளெல்லாம் வாங்கிட்டுப் போனீங்களே, என்னதான் ஆச்சு?" எனக்கு மொகத்த எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. அஞ்சு சென்டர்லயும் ஒரு குடும்பத்துக்குக் கூட நாங்க சொல்லல. பக்கத்து பெஞ்சுல உக்கார வச்சு, எந்த டோஸ் நல்லா கேட்டுச்சு, எத்தனாவது வாரத்துலருந்து காய்ச்சல் இடைவெளி விட்டுச்சுன்னு சொன்னேன், எல்லாம் பொறுமையா கேட்டுட்டு, "அப்ப பாப்பாவுக்கு இப்ப குடுக்கறது அந்த டோஸ்தானா?"ன்னாங்க. ஃபைலப் பாத்தேன். இல்ல. பழைய டோஸ்தான் ஓடிட்டு இருந்துச்சு, எங்க ஸ்டடில இருந்த பொண்ணுக்கே.

அன்னிக்கு சாயந்திரமே டாக்டர்கிட்ட பேசி மாத்தினோம். அதுலருந்து என் எக்செல்ல ஒவ்வொரு நோயாளி பேருக்கும் நேரா ரெண்டு கட்டம் கூட வச்சிருக்கேன், "ரிசல்ட் சொல்லியாச்சா", "மருந்துச் சீட்டு மாறியாச்சா". நீங்க ஷீட் போடறப்போவே அந்த ரெண்டையும் போட்டுட்டு ஆரம்பிங்க.